நகச்சுத்து வரட்டும்

தம்பியின் விரல் வெளுப்பாகத்தான் இருந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் ஒரு மாற்றமும் இல்லை. வலது கைப் பெருவிரல், நகத்தை ஒட்டித் தோல் கிழிந்த இடம், அங்கே ஒரு சிவப்பு உண்டா, ஒரு மினுமினுப்பு உண்டா, ஒரு மண்ணும் கிடையாது, தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரிச் சவசவ என்று கிடந்தது. சங்கரவடிவு நாற்காலியை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தாள், இழுத்த சத்தத்தில் தம்பி முழித்துவிடுவானோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் முழிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மொட்டைத் தலை, புருவம்கூட உதிர்ந்துபோன முகம். புருவம் இல்லாவிட்டால் ஒரு மனுசன் தூக்கத்திலும் ஆச்சரியப்பட்ட மாதிரியே இருப்பான் என்று அவளுக்கு இத்தனை வயசுக்கு மேல்தான் தெரிந்தது. நகத்தைக் கடிக்காதே, கடிக்காதே என்று எத்தனை பேர் சொன்னார்கள்! ஒண்ணாம் வகுப்பு டீச்சர் சொன்னாள், அம்மா வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், கட்டின பெண்டாட்டி செண்பகம் கெஞ்சிப் பார்த்தாள், இங்கே டாக்டரே வந்து, சார், உங்க உடம்புல இப்ப வெள்ளையணுவே கிடையாது, ஒரு சின்னக் கீறல்கூட ஆபத்து, தயவுசெஞ்சு நகத்தைக் கடிக்காதீங்க என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பெருவிரல் வாய்க்குள் போய்விட்டது. பயத்தில் கடிக்கிறவனிடம் போய், கடித்தால் செத்துப்போவாய் என்று சொன்னால் அவன் இன்னும் கொஞ்சம் பயந்து இன்னும் கொஞ்சம் கடிப்பான், இது டாக்டருக்கு எங்கே தெரியப்போகிறது, கூடப்பிறந்தவளுக்குத் தெரியும். ரத்தப் புற்று என்றார்கள். அவனுடைய மஜ்ஜையை மருந்து போட்டுச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டு, அக்காவின் ரத்தத்திலிருந்து பிரித்த குருத்துச் செல்லை ஏற்றினார்கள். ஒரு சின்னப் பை, தக்காளி ரசம் போல, அவ்வளவுதான், இதற்கா இத்தனை பாடு என்று ஆவுடையே கேட்டான். அது போய் எலும்புக்குள் உட்கார்ந்து, பிடித்து, பெருகி, புதுசாக வெள்ளையணுக்களை அனுப்பவேண்டும். இன்னும் அனுப்பவில்லை. இன்று காலையில் எடுத்த ரத்தத்திலும் இல்லை. காலையிலிருந்து லேசாகக் காய்ச்சல் வேறு. அக்கா செல்லு வர்ற வரைக்கும் இந்த மருந்துதாம்மா காவல், ரொம்ப நாள் தாங்காது, உங்க செல்லு வந்தாத்தான் என்று டாக்டர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். வந்தால்தான். வராவிட்டால்?

சாதாரண மனுசன் விரலாக இருந்தால் இந்நேரம் நகச்சுத்து வந்து ஊரைக் கூட்டியிருக்கும். வந்திருக்கிறதே, இதே விரலில், இதே பயலுக்கு, பாளையங்கோட்டையில் பரீட்சை நேரம் பார்த்து. விரல் வெங்காயம் மாதிரி வீங்கி, தொடவிடாமல் அலறினான். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தின் தலையைச் சீவி, உள்ளே கொஞ்சம் குடைந்து, குல்லாய் மாதிரி விரலில் மாட்டிவிட்டாள். அதை மாட்டிக்கொண்டு அவன் போட்ட ஆட்டம்! எலுமிச்சம்பழத்தோடேயே பள்ளிக்கூடம் போனான், எழுதச் சொன்ன வாத்தியாரிடம் பழத்தைத் தூக்கிக் காட்டினான், பக்கத்து வீட்டு நாயிடமும் காட்டினான், ராத்திரி பூரா விண்ணு விண்ணுன்னு தெறிக்கு எக்கா என்று முனங்கிக்கொண்டு அவள் மடியில் கையை வைத்துப் படுத்திருந்தான். அந்தக் கைச்சூடு இருக்கிறதே, துணியைத் தாண்டித் தொடையில் உறைத்தது, இப்போது நினைத்தாலும் அந்த இடம் தெரிகிறது. சூடு, சிவப்பு, வீக்கம், வலி. இந்த நாலும் நோய் இல்லை பிள்ளைகளா, நாலும் ஆள் வந்து சேர்ந்த அடையாளம் என்று எத்தனை வருஷம் விலங்கியல் வகுப்பில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள், பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிக்கொள்ளும். கிருமி ஒன்று தோலுக்குள் விழுகிறது, விழுந்தது சும்மா இருக்குமா, தின்னும், பெருகும், பெருகும்போது தன் உடம்புத் துணுக்குகளைச் சுற்றிலும் சிந்தும். கிழிந்த தோலும் சும்மா இருக்காது, அது ஒரு பக்கம் தன் ரசாயனத்தைக் கசியவிடும். அது பரவிப் போய்ப் பக்கத்தில் ஓடுகிற மெல்லிசான ரத்தக்குழாயைத் தொடும், தொட்டதும் குழாய் விரிந்துகொடுக்கும், உள்சுவர் பிசுபிசுப்புக் கட்டும். ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போகிற வெள்ளையணு அந்த இடத்தில் தட்டி, உருண்டு, இன்னும் உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நின்றுவிடும். அதற்கு அப்புறம்தான் வேடிக்கை. சுவரில் இரண்டு செல்லுக்கு நடுவே இருக்கிற இத்தனூண்டு இடுக்கில் தன்னைத் தானே நீட்டி நெளித்து வெளியே இறங்கும். கண் கிடையாது, மூக்கு கிடையாது, தன் உடம்பில் எந்தப் பக்கம் அந்த ரசாயனச் சிக்னல் ஒரு துளி கூடுதலாகப் படுகிறதோ அந்தப் பக்கம் ஒரு காலை நீட்டும், நீட்டின காலுக்குப் பின்னால் உடம்பை இழுத்துக்கொள்ளும், மறுபடி பார்க்கும், மறுபடி நீட்டும். முன்னால் போய்ச் சேர்ந்தது தானும் ஒரு ரசாயனத்தை விட்டு, இங்கதான், இங்கதான் வாங்க என்று பின்னால் வருகிறதைக் கூப்பிடும். இப்போதும் ஆவுடையின் விரலில் கூப்பாடு நடந்துகொண்டுதான் இருக்கும். தோல் தன் வேலையைச் செய்திருக்கும், ரத்தக்குழாய்ச் சுவர் பசையைத் தடவிக்கொண்டு காத்திருக்கும். ஆள்தான் இல்லை. கலியாண வீட்டில் இலை போட்டுவிட்டுச் சாப்பிட ஒருத்தரும் வராத மாதிரி, ஐயோ, என்ன நினைப்பு இது, எதைப் போய் எதோடு சேர்க்கிறாள். அவள் கையை நீட்டி அவன் நெற்றியைத் தொட்டாள், கையுறையைத் தாண்டியே சூடு தெரிந்தது, குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் புஸ்தகத்தில் படித்தது இல்லை, கண்ணால் பார்த்தது. மதுரையில் ஆராய்ச்சி செய்த காலம். அடேயப்பா, என்ன காலம் அது! இரண்டாவது மாடியில் மேற்குப் பார்த்த அறை, மத்தியானம் ஆனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், கறுப்புத் துணியைத் தலையோடு சேர்த்து மூடிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் கடல்பாசிக் கூழைக் காய்ச்சி ஊற்றி, அது உறைந்ததும் வரிசையாக மூன்று குழி போடவேண்டும். நடுக்குழியில் வெள்ளையணு. ஒரு பக்கத்துக் குழியில் கிருமி சிந்துகிற ரசாயனம் மாதிரியே கூப்பிடுகிற சிக்னல் மருந்து, மறுபக்கத்துக் குழியில் வெறும் உப்புத் தண்ணீர். மருந்து கூழுக்குள் மெல்லப் பரவும், வெள்ளையணுக்கள் அந்தப் பக்கமாகத் திரும்பும். அந்தத் திரும்புகிற நேரம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் அவள் வீட்டில் வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தாள் என்று அம்மா கடைசி வரைக்கும் அங்கலாய்த்தாள், அம்மா சொன்னதில் தப்பும் இல்லை. ரத்தத்துக்கு எங்கே போவது? ஆவுடை இருந்தான். பக்கத்தில் பாலிடெக்னிக் விடுதியில் தங்கிப் படித்தான், எப்போது பார்த்தாலும் பசி. ஒரு ட்யூப் ரத்தத்துக்கு ஒரு கொத்துபுரோட்டா என்று பேச்சு. கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான், எக்கா, முட்டை ரெண்டு போடச் சொல்லணும் கேட்டியா, ஒண்ணு ரத்தத்துக்கு ஒண்ணு பயத்துக்கு என்பான். ஊசி உள்ளே போகும்போது இடது கைப் பெருவிரல் வாயில் இருக்கும். அந்தப் பயல் ரத்தத்தில் என்னதான் இருந்ததோ, அவன் வெள்ளையணு மாதிரி ஓடுகிற வெள்ளையணுவை அந்தத் துறையில் ஒருத்தரும் பார்த்ததில்லை. மருந்து வைத்து வாயைத் துடைப்பதற்குள் கிளம்பிவிடும், நேர்க்கோடாகப் போகும். ஜெபமணி சார், அவளுக்கு வழிகாட்டி, நாசரேத்துக்காரர், சிரித்தால் வயிறு தனியாகச் சிரிக்கும், கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, உன் தம்பி செல்லு திருவள்ளுவர் பஸ்ஸும்மா, எங்கயும் நிக்காது என்பார். தம்பி வராத நாளில் அவள் தன் கையிலேயே குத்தி எடுத்துக்கொள்வாள். அது, சொல்லவே வெட்கம், நகராது. நகரும், நகராது என்று இல்லை, ஆனால் யோசித்து யோசித்து, ஒரு காலை நீட்டி, இழுத்து, போகலாமா வேண்டாமா என்று நின்று, ஆவுடையின் செல் போன தூரத்தில் பாதிகூடப் போகாது. செல் போன தடத்தை எடுத்த படத்தை சார் பார்த்துவிட்டு, ஆக, தம்பி திருவள்ளுவர் பஸ், அக்கா மாட்டுவண்டி என்றார். அப்போதிருந்து துறையில் அவளுக்கு அதுதான் பெயர். மாட்டுவண்டி, டீ குடிக்க வாறியா. மாட்டுவண்டி, உனக்கு போன் வந்திருக்கு. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது. இப்போது திருவள்ளுவர் பஸ்ஸை எல்லாம் மருந்து போட்டு ஒழித்துவிட்டு, மாட்டுவண்டியை அல்லவா அவன் உடம்புக்குள் அனுப்பியிருக்கிறார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் தம்பிக்கு மஜ்ஜை கொடுக்கிறார்கள், பிடிக்குமா பிடிக்காதா என்றுதான் கவலைப்படுவார்கள், பிடித்தாலும் நடக்குமா என்று கவலைப்படுகிற அக்கா இவள் ஒருத்திதான் இருப்பாள். தானம் கொடுப்பதற்கு முந்தின நாள் டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. டாக்டர், என் செல்லு கொஞ்சம் மெதுவா நடக்கும், பரவாயில்லையா? அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்த சங்கதி. டாக்டர் பையன் சிரித்திருப்பான், இல்லை, அம்மாவுக்கு மனசு சரியில்லை என்று தூக்க மாத்திரை எழுதியிருப்பான். அவள் கேட்கவில்லை.

போன் அதிர்ந்தது. பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்திருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். செண்பகம். ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று அவளை உள்ளே விடவில்லை, எதிர்த்தாற்போல் லாட்ஜில் இருந்துகொண்டு சன்னலைப் பார்த்துக்கொண்டே மூக்கைச் சிந்துகிறாள். மதினி, எப்படி இருக்காவ? தூங்குதான். காய்ச்சல்? அப்படியேதான் இருக்கு. விரலு? அதுவும் அப்படியேதான் இருக்கு. செண்பகம் மூக்கைச் சிந்திவிட்டு, மதினி, நான் வேணா ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக் கீழ குடுத்து விடட்டுமா, விரல்ல மாட்டினா கேக்கும்லா என்றாள். இங்க பழமே உள்ள விட மாட்டாவ செம்பா, பூவும் கூடாது பழமும் கூடாது, எல்லாத்துலயும் கிருமி இருக்கும் என்றாள் வடிவு. எலுமிச்சம்பழம் எதற்கு மாட்டுவார்கள்? வீக்கம் வந்தால் மாட்டுவார்கள். வீக்கமே வரவில்லையே என்று அழுகிறவளுக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று செண்பகத்திடம் எப்படிச் சொல்வது? அவள் பாவம், வீங்கவில்லை என்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டு அங்கே பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருப்பாள். நீ சாப்பிட்டியா, சாப்பிடு, சாயங்காலம் பேசுதேன் என்று வைத்துவிட்டாள். மருந்துப் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே காற்று வடிகட்டும் இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. ஆவுடை கண் முழித்திருந்தால் இந்தச் சத்தத்துக்கே, மோட்டார்ல பேரிங் போயிருக்கு எக்கா, இவனுவகிட்ட சொல்லு என்பான். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ரீவைண்டிங் கடை வைத்தவனுக்கு எல்லாச் சத்தமும் நோயாளிச் சத்தம்தான். காய்ச்சல். காய்ச்சல்தான் பயம். விரலில் நின்றால் விரலோடு போகும், ரத்தத்தில் இறங்கிவிட்டால்? ரத்தம் பூரா கூப்பாடு. எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரிக் கூப்பிட்டால் வருகிறவன் எந்தப் பக்கம் போவான்? இதையும் ஆவுடைதான் ஒருநாள் செய்துகாட்டினான். அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் மாடிக்கு வந்தவன், உதவி செய்கிறேன் பேர்வழி என்று மருந்தை இரண்டு பக்கத்துக் குழியிலும் ஊற்றிவைத்துவிட்டான். பாவம், ஒரு பக்கம் மட்டும் குடுக்கே, இந்தப் பக்கத்துக் குழி வெறுமனே கிடந்துச்சு, அதான் சமமா ஊத்திட்டேன் என்றான். நல்ல கூத்து! அவள் கண்ணை வைத்துப் பார்த்தால், அவனுடைய அந்தப் பேர்போன செல்கள் நின்ற இடத்திலேயே கிடந்து தவித்தன. இங்கே ஒரு காலை நீட்டும், அங்கே ஒரு காலை நீட்டும், நகரும், திரும்பும், சந்தையில் கைவிட்ட பிள்ளை மாதிரி நடுவிலேயே சுற்றின. அன்றைக்கு அவனை அடிக்கப் போனாள். அவன் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினான், நீதியா நடந்தாலும் தப்பாக்கா, நீதியா நடந்தாலும் தப்பா என்று கத்திக்கொண்டே. அந்தக் குரல் இப்போதும் கேட்கிறது, மீசை அரும்பின குரல், மாடிப்படி எதிரொலி. கூடக் குறைய இருந்தால்தான் வழி தெரியும், எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் வழி கிடையாது. ரத்தத்தில் விஷம் பரவினால் அதேதான் நடக்கும், வெள்ளையணு இருந்தாலும் திக்குத் தெரியாமல் ரத்தத்துக்குள்ளேயே தவித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் வரவேண்டும். விரலில் இருக்கும்போதே வந்துவிடவேண்டும். மாட்டுவண்டியைத் தட்டி ஓட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறதா? அவள் தன் இடுப்பைத் தானே தடவிக்கொண்டாள், தானம் கொடுக்குமுன் செல் பெருகுவதற்கு அவளுக்குப் போட்ட ஊசியில் அன்றைக்கு அந்த எலும்பெல்லாம் குடைந்து எடுத்தது, அந்த வலியாவது நிறையப் பேரை அனுப்பியிருக்கும் என்று அப்போது சந்தோஷப்பட்டாளே.

தம்பி வராத நாள் என்றால் எது? அந்த நினைப்பு எங்கேயோ இடறியது. வேலை நாளில் அவள் தட்டு வைக்கிறபோதெல்லாம் அவன் வருவான், வாரத்தில் இரண்டு தரம், கொத்துபுரோட்டா வேண்டியிருந்தால் மூன்று தரம். வராத நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குவான், எழுந்து சினிமாவுக்குப் போவான், கும்பிட்டாலும் வரமாட்டான். ஆக அவள் தன் கையைக் குத்தினதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில். மாடியில் ஆளே இருக்காது, புறாக்கள் மட்டும் சன்னலில் நின்று முனங்கும், காலடிச் சத்தம் தனியாகக் கேட்கும், எவ்வளவு நன்றாக இருக்கும் அந்த ஞாயிறுகள், தலைக்குக் குளித்து ஈரத்தோடேயே போய் உட்கார்ந்துவிடுவாள். கறுப்புத் துணி, மைக்ரோஸ்கோப், தட்டு. தட்டுக்கு அடியில் பித்தளைப் பலகை. அந்தப் பலகையை மறந்தே போய்விட்டாளே! உள்ளே பொள்ளலாக இருக்கும், இரண்டு பக்கமும் சின்ன மூக்கு, வாங்கின சூடேற்றி என்றைக்கோ எரிந்துபோன பிறகு ஜெபமணி சார் ஒரு பாத்திரக்காரரிடம் சொல்லிச் செய்தது. வெள்ளையணுவுக்கு உடம்புச் சூடு வேண்டும், குளிர்ந்தால் மந்தமாகிவிடும், அதனால் பொள்ளலுக்குள் வெந்நீர் ஊற்றி ஊற்றிச் சூட்டைக் காக்கவேண்டும். வெந்நீர் யார் தருவார்? கேண்டீன். கேண்டீன் முத்தையா ஃபிளாஸ்க்கில் பிடித்துத் தருவான், மாட்டுவண்டிக்கு வெந்நீர் என்று மாடி கேட்கக் கத்துவான். அது சரி, ஞாயிற்றுக்கிழமை கேண்டீன் ஏது? அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேண்டீன் கிடையாது. பூட்டுத் தொங்கும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்? தான் தங்கியிருந்த பெண்கள் விடுதியிலிருந்து கொண்டுபோனாளா? கொண்டுபோன மாதிரி ஞாபகம் இல்லை. கையில் ஃபிளாஸ்க்கோடு அந்த வேப்பமரத்துப் பாதையில் நடந்த மாதிரி ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை, குடை இருக்கிறது, தோள்பை இருக்கிறது, ஈரத் தலைமயிர் முதுகில் ஒட்டுகிறது, ஃபிளாஸ்க் இல்லை. வெந்நீர் இல்லாமலா பார்த்தாள்? கைப்பழக்கத்துக்குப் பார்த்ததுதானே, ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்கிறதற்கு இல்லையே, இது போதும் என்று பச்சைத் தண்ணீரிலேயே வைத்தாளா? மார்கழிக் குளிரில், மேற்குப் பார்த்த அறை காலையில் சில்லென்று கிடக்கும், அந்தச் சில்லிப்பில் தன் செல்லை வைத்துவிட்டு, நகரவில்லை, நகரவில்லை என்று, ஐயோ மூதேவி, யாருடைய செல்தான் நகரும், ஆவுடையின் செல்லை வைத்திருந்தாலும் அப்படித்தானே நின்றிருக்கும்! அப்படியென்றால் அவளுடைய செல் மாட்டுவண்டி இல்லை. இத்தனை வருஷமாக ஒரு கேண்டீன் பூட்டுக்காகத் தன்னைத் தானே... அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. தம்பி விரலைப் பார்த்துப் பார்த்து, தனக்கு வேண்டியதைத் தானே ஜோடித்துக்கொள்கிறாளோ? எல்லாமே ஞாயிறுதானா? அவனுக்குப் பரீட்சை வந்த வாரமெல்லாம்? அப்போது கேண்டீன் இருந்திருக்குமே. அப்போதும் மெதுவாகத்தான் போயிற்றோ, எப்படிப் போயிற்று, ஒரு தடவையாவது சூடாக வைத்துப் பார்த்தாளா? ஜெபமணி சார் இருந்தால் கேட்கலாம், அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். முத்தையா எங்கே இருக்கிறானோ. அந்தக் காலத்துக்குச் சாட்சி என்று மிச்சம் இருக்கிற ஒரே ஆள் இந்தக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறான். ஏல, எந்திரில, ஞாயித்துக்கிழமை நான் ஃபிளாஸ்க் எடுத்துட்டுப் போவேனால என்று உலுக்கிக் கேட்கவேண்டும் போல இருந்தது. அவனுக்கு மட்டும்தான் அந்த மாடி தெரியும், அந்தக் கொத்துபுரோட்டா தெரியும், அவளை மாட்டுவண்டி என்று கூப்பிட்டவர்களில் மிச்சம் இருப்பவன் அவன் ஒருத்தன்தான். இவனும் போய்விட்டால் அந்த மதுரை அவள் ஒருத்தி மண்டைக்குள் மட்டும்தான் இருக்கும். நீ போயிராதல தம்பி. மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தாள், வாயால் சொல்லிவிட்டிருக்கிறாள், முகமூடி ஈரமாகிவிட்டது. அவள் எழுந்துபோய்ச் சன்னல் பக்கம் நின்றாள். கீழே ஒரு ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எக்கா. அவள் திரும்பவில்லை, அந்தக் குரல் மாடிப்படியில் கேட்ட குரலோ என்று இருந்தது. எக்கா, ஏ எக்கா, காது கேக்கலையா? ஆவுடை முழித்திருந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். என்னல, தண்ணி வேணுமா என்று ஓடினாள். தண்ணி ஒண்ணும் வேண்டாம், நீ இந்த விரல என்ன செஞ்ச? நான் என்னல செஞ்சேன், தொடக்கூட இல்லை. போக்கா, தூங்கையில எதையாவது வச்சு இடிச்சிருப்ப. விண்ணு விண்ணுன்னு தெறிக்கு, தோள்பட்டை வரைக்கும் இழுக்கு.  அவள் அவன் கையைப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நகத்தின் ஓரத்தில், கிழிந்த இடத்தைச் சுற்றி, ஒரு வளையம். ரொம்ப லேசு, மருதாணி வைத்துக் கழுவின மறுநாள் இருக்குமே அந்த நிறம். அவள் அதன் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். ஐயோ அம்மா, கொல்லுதியே என்று அவன் கத்தினான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அவன் மறுபடி கத்தினான். இந்தப் பக்கம்? வலிக்கு. இந்தப் பக்கம்? வலிக்குங்கேன்லா! நல்லா வலிக்கால? எக்கா, உனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா, மனுசன் வலிக்குங்கேன், நீ சிரிக்க! அவள் சிரிக்கவில்லை என்றுதான் நினைத்தாள், முகமூடிக்கு மேலே கண்ணு காட்டிக்கொடுத்திருக்கும் போல, கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டுகிறது, அவனுக்கு எதை என்று வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புருவமில்லாத முகத்தோடு விழித்தான். வந்துட்டுல, வந்துட்டு என்றாள். யாரு, செம்பாவா என்றான். அவள் பதில் சொல்லாமல் அழைப்பு மணியை அமுக்கினாள், அமுக்கின கையை எடுக்கவே இல்லை. சிஸ்டர் என்னவோ ஏதோ என்று கையுறையைப் பாதி மாட்டினபடி ஓடி வந்தது. கேரளத்துப் பெண், தமிழ் பழகிக்கொண்டது, பேர் ஷெர்லி. என்னாச்சும்மா, என்னாச்சு சார்? விரலு வலிக்கு சிஸ்டர் என்று ஆவுடை புகார் சொல்லுகிற குரலில் சொன்னான், இவ வேற அமுக்கி அமுக்கிப் பாக்கா. ஷெர்லி குனிந்து விரலைப் பார்த்தது, நிமிர்ந்து வடிவைப் பார்த்தது, மறுபடி விரலைப் பார்த்தது, அதன் கண்ணும் கொஞ்சம் பெரிதாயிற்று, ஆனால் அது வேலை தெரிந்த பெண்ணு, ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், டாக்டரைக் கூப்பிடறேன், ரத்தம் இப்பவே ஒருதரம் அனுப்பிப் பார்க்கலாம், முதல்ல சொல்லுங்க சார், பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாது, உங்களுக்கு இப்ப எவ்வளவு என்றது. ஆவுடை யோசித்தான். கடையில் எந்த விலையையும் கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லாதவன். ஒரு நாலு போடுங்க சிஸ்டர் என்றான். நாலா? வடிவு பாய்ந்து வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னல நாலு, தோள்பட்டை வரைக்கும் இழுக்குங்கே, கத்துன கத்து வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும், நாலுங்க? சரி, அஞ்சு என்றான் அவன். நல்லா யோசிச்சுச் சொல்லுல. யோசிச்சுத்தான் சொல்லுதேன், அஞ்சு. ஷெர்லி பேனாவை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஏழு போட்டுக்கோங்க சிஸ்டர், என்றாள் வடிவு, அவன் சின்ன வயசுலேருந்தே எதையும் குறைச்சுத்தான் சொல்லுவான், ஏழு இருக்கும், நீங்க ஏழே போடுங்க.